பதினேழாம் நம்பர் பொடி

திருமழிசைத் தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில், சாக்கு தைக்கும் கம்பெனிக்கும் பெயின்ட் டப்பா செய்யும் கம்பெனிக்கும் நடுவில் ஒரு மூன்று மாடிக் கட்டடம் இருக்கிறது. வாசல் பலகையில் வாயில் நுழையாத ஒரு பெயரை நீளமாக எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. "எலிக் கம்பெனி" என்று கேட்டால் பஸ் ஸ்டாப்பில் பூ விற்கிறவள்கூடக் கையைக் காட்டுவாள். அங்கேதான் கோமளா ஒன்பது வருஷமாக எலி மூத்திரம் அள்ளிக்கொண்டிருக்கிறாள்.

இதை நாசூக்காகவும் சொல்லலாம். அவள் கழுத்தில் தொங்கும் அட்டையில் 'அனிமல் ஹவுஸ் அட்டெண்டன்ட்' என்று நாசூக்காகத்தான் போட்டிருக்கிறது. ஆனால் வேலை அதுதான். சர்க்கரை வந்த எலி சும்மா இருக்காது. தண்ணீர் குடிக்கும், பெய்யும், மறுபடி குடிக்கும், மறுபடி பெய்யும். காலையில் கூண்டில் பரப்பிய உமி சாயந்திரத்துக்குள் சொதசொதவென்று ஆகிவிடும். கதவைத் திறந்தால் கண்ணில் எரிச்சல். அந்த எரிச்சலுக்கு அடியில் ஒரு தித்திப்பு நாற்றம், பலாப்பழத்தைப் பாதி தின்று மூலையில் போட்டு மறந்த மாதிரி. அந்த நாற்றம் கோமளாவின் தலைமுடியில் ஏறும், புடவையில் ஏறும், மத்தியானம் டப்பாவைத் திறந்தால் சாம்பார் சாதத்திலும் ஏறும். ஒன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் கம்பெனியில் வயிறாரச் சாப்பிட்டதில்லை.

எதற்கு இந்தப் பிழைப்பு என்று கேட்பவர்களுக்கு அவள் பதில் சொல்வதில்லை. காரணம் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டு பூந்தமல்லிக்கும் திருமழிசைக்கும் நடுவே அலைந்துகொண்டிருந்தது. அவள் புருஷன் நாகப்பனுக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. இரண்டு வருஷத்துக்கு முன் வலது காலில் இரண்டு விரலை எடுத்தார்கள். இப்போது இடது குதிகாலில் காசு அகலத்துக்கு ஒரு புண், ஆறுவேனா என்கிறது. மாத்திரை என்றால் அவனுக்கு எட்டிக்காய். காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு, ஒவ்வொன்றுக்கும் கோமளா பக்கத்தில் நின்று கண்ணை உருட்ட வேண்டும். சாயந்திரம் அவள் வீட்டுக்குள் காலை வைத்ததும் வைக்காததுமாய் அவன் கேட்கும் முதல் கேள்வி, "இன்னாமே, உங்க ஆளுங்க மருந்து கண்டுபுட்ச்சாங்களா இல்லியா?"

கோமளா அதே ஊரில் நெல் போட்ட வீட்டில் பிறந்தவள். அந்தக் கதை இங்கே தேவையில்லை. இரண்டே விஷயத்துக்காகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அவளுக்கு முறம் பிடிக்கத் தெரியும். அரிசி மணியை எறியத் தெரியாது.

எலிக் கம்பெனியில் நடப்பதற்கு ஸ்கிரீனிங் என்று பெயர். நாமக்கல்லிலிருந்து வந்து கொரட்டூர் லேடீஸ் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் பவித்ரா என்கிற பெண்தான் அதை அவளுக்கு விளங்கவைத்தாள். எம்.பார்ம் படித்த பெண், ஆனால் தலைக்கனம் கிடையாது.

"ஸ்கிரீனிங்னா சலிக்கிற மாதிரிக்கா. நம்மகிட்ட நாப்பது பொடி வந்திருக்கு. ஒவ்வொண்ணா எலிக்குக் குடுத்துப் பாப்போம். சர்க்கரையைக் குறைக்காதது எல்லாம் கீழ போயிடும். குறைக்கிறது மட்டும் சல்லடைல நிக்கும்."

நாற்பது பொடியையும் அனுப்பியவர் முகப்பேரில் இருக்கும் மணவாளன். முடி வளரும் எண்ணெய், உடம்பு இளைக்கும் பானம் என்று ஏற்கெனவே ஊரை வழித்துச் சாப்பிட்டவர். அடுத்தது சர்க்கரை வியாதி. இலையும் வேரும் பட்டையுமாக நாற்பதை அரைத்து நம்பர் போட்டு அனுப்பிவிட்டார். இதில் ஒன்றாவது வேலை செய்கிறது என்று ஆய்வுக்கூடத்து முத்திரையோடு ஒரு காகிதம் வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

முறை இதுதான். நல்ல எலிகளுக்கு ஒரு ஊசி போட்டால் மூன்றாம் நாள் சர்க்கரை வந்துவிடும். அதில் பாதியை இடது ரேக்கில் வைப்பார்கள், பாதியை வலது ரேக்கில். வலது பக்கத்துக்குத் தினமும் பொடியைக் கரைத்துத் தொண்டையில் குழாய் விட்டு ஊற்றுவார்கள். இடது பக்கத்துக்கு வெறும் தண்ணீர். வியாழக்கிழமை சாயந்திரம் இரண்டு ரேக்கிலும் தீனியை எடுத்துவிட்டு, பழைய உமியைக் கொட்டிவிட்டுப் புது உமி போட வேண்டும். ராத்திரி முழுக்கப் பட்டினி. வெள்ளிக்கிழமை காலையில் வாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம், நாகப்பனுக்கு வீட்டில் பார்ப்பது மாதிரியே. இப்படி ஆறு வாரம்.

ஆறு வாரம் முடிந்தால் எலிகளைக் கொன்றுவிடுவார்கள். கொல்வது என்று அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். சாக்ரிஃபைஸ் என்பார்கள். கோமளா வாயில் அது 'சாக்ரி'. பலி கொடுக்கிறேன் என்பதை இங்கிலீஷில் சொல்லிவிட்டால் கையில் ரத்தம் ஒட்டாதாக்கும். மஞ்சள் பையில் கட்டி, நம்பர் எழுதி, வண்டிக்கு அனுப்புவது அவள் வேலை. பை கதகதவென்று இருக்கும்.

இரண்டு வருஷத்தில் பதினாறு பொடி கீழே போயிற்று. ஒவ்வொரு தடவையும் இரண்டு ரேக்கிலும் எலிகளின் சர்க்கரை இருநூற்றைம்பதை ஒட்டியே நின்றது. பொடி குடித்ததும் ஒன்றுதான், தண்ணீர் குடித்ததும் ஒன்றுதான். ஆய்வுக்குப் பொறுப்பாளரான விக்ரம் சார், மணவாளனிடமிருந்து போன் வந்தாலே மாடிக்கு ஓடிவிடுவார். பதினேழாம் நம்பர் வந்தபோது யாருக்கும் அதன்மேல் தனியாக ஒரு ஆசையும் இல்லை.

அந்த மாசம் உமி கொடுத்துக்கொண்டிருந்த மில்லை மாற்றினார்கள். புது மில் உமியைக் கையில் அள்ளியதுமே கோமளாவுக்குத் தெரிந்துவிட்டது. உமியில் பாதிக்கு நொய். எந்த மெஷினில் அரைத்தானோ புண்ணியவான், அரிசியைச் சுக்குநூறாக்கி உமியோடு தள்ளிவிட்டிருந்தான். பவித்ரா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள், மருந்து குடிக்கிற எலிக்குக் கொடுக்கிற தீனியைத் தவிர வேறு எதுவும் வயிற்றில் போகக் கூடாது என்று. அதனால் வீட்டிலிருந்து முறத்தைக் கொண்டுவந்து, வலது ரேக்குக்கு வேண்டிய உமியை மொட்டை மாடியில் வைத்துப் புடைத்தாள். உமி பறந்து சாக்கில் விழுந்தது, நொய் முறத்தில் தங்கியது. அதற்குள் மணிக்கட்டு கழன்றுவிடும் போல் ஆயிற்று.

முறத்தில் தங்கிய நொய்யை என்ன செய்வது? குப்பையில் கொட்ட அவளுக்குக் கை வரவில்லை. வீட்டுக்கு எடுத்துப் போகவும் அருவருப்பு, அந்தக் கட்டடத்தில் கிடந்தது ஆயிற்றே. இடது ரேக்கில் பன்னிரண்டு எலி காய்ந்து சுருண்டு கிடந்தன. ரோமம் எல்லாம் சிலிர்த்து, கண்ணோரம் பீளை கட்டி, பார்த்தாலே வயிற்றைப் புரட்டும். வலது பக்கத்துக்காவது மருந்து என்று ஒன்று உள்ளே போகிறது. இதுகளுக்கு அதுவும் கிடையாது, வியாழக்கிழமை ஆனால் சோறும் கிடையாது. "மருந்துதான் இல்ல, நாலு நொய்யாவது தின்னுட்டுப் போங்க சனியன்களா" என்று, புடைக்காத உமியோடு முறத்து நொய்யையும் சேர்த்து இடது ரேக்கின் மூட்டையில் கலந்துவிட்டாள்.

நொய் என்பது அவள் கணக்கில் தீனியே இல்லை. அது உமியோடு உமியாக, கோழி கொத்திவிட்டுப் போகும் சமாச்சாரம். தவிர, கூண்டில் போடும் முன் உமியைப் பெரிய நீராவி டப்பாவில் வைத்துக் கிருமி போக அவிப்பார்கள். அந்த டப்பாவை எல்லாரும் குக்கர் என்றுதான் சொல்வார்கள். குக்கரில் நொய்யை வைத்தால் என்ன ஆகும் என்று, தினமும் வீட்டில் குக்கர் வைக்கிற கோமளாவுக்குத் தோன்றவில்லை. வியாழக்கிழமை தோறும் இடது ரேக்குக்கு மட்டும் அவள் குழையக் குழையச் சோறு பொங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது வெள்ளிக்கிழமையே பவித்ராவுக்குக் கண் விரிந்தது. இடது ரேக் நானூறு. வலது ரேக் இருநூற்றைம்பது. மூன்றாவது வாரமும் அப்படியே, நாலாவது வாரமும் அப்படியே. விக்ரம் மாடிக்கு ஓடுவதை நிறுத்திவிட்டு அவரே மணவாளனுக்குப் போன் போட்டார். மணவாளன் காரில் வந்து இறங்கி எல்லாருக்கும் பால்கோவா கொடுத்தார். சர்க்கரை வியாதிக்கு மருந்து கிடைத்ததற்குப் பால்கோவா! அதைச் சொல்லிச் சிரிக்கக்கூட அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை, வாங்கி வாங்கித் தின்றார்கள்.

கோமளாவும் தின்றாள். சும்மா சொல்லக் கூடாது, அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒன்பது வருஷ நாற்றத்துக்கு ஒரு பலன். வீட்டுக்குப் போய் நாகப்பனிடம், "நானூறு இருக்குற எடத்துல எரநூத்தம்பதுய்யா! என் கண்ணால பாத்தேன்" என்றாள். மறுநாளே தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. நாகப்பன் ஆட்டோவில் ஏறியவர்களுக்கெல்லாம், "எங்க ஊட்ல மருந்து கண்டுபுட்ச்சிகீறாங்க" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். கோமளா அதை மறுக்கவில்லை.

ஆறாவது வெள்ளிக்கிழமை சாக்ரி. பொடி இரைப்பையைப் புண்ணாக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு எலியின் இரைப்பையையும் பிளந்து பார்த்து எழுத வேண்டியிருந்தது. பவித்ரா வெட்டினாள், கோமளா தட்டு பிடித்தாள், விக்ரம் கதவோரம் நின்று போனை நோண்டிக்கொண்டிருந்தார். வலது ரேக் எலிகளின் இரைப்பை சுருங்கின பலூன் மாதிரி ஒட்டிப்போய்க் கிடந்தது. இடது ரேக்கின் முதல் எலியைப் பிளந்ததும் பவித்ராவின் கத்தரி நின்றுவிட்டது. இரைப்பை உப்பியிருந்தது. கீறினால் வெள்ளையாக, கொழகொழவென்று ஒரு உருண்டை வெளியே வந்தது. புளித்த கஞ்சி வாடை.

"இது என்னது? பட்டினி போட்ட எலி வயித்துல?"

கோமளாவுக்கு அது என்னவென்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. ஒரு தடவை நாகப்பன் நாலு இட்லியை முழுங்கிவிட்டு, வெறும் வயிறு என்று பொய் சொல்லி ரத்தம் கொடுத்து, டாக்டர் மாத்திரை அளவை ஏற்றி, அவன் ஆட்டோவிலேயே மயங்கி விழுந்தது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அவனை என்ன திட்டுத் திட்டினாள்!

"நொய்யிம்மா" என்றாள். "நான் போட்டது. குக்கர்ல வெந்துட்ச்சு." மூடி மறைக்க அவளுக்குத் தோன்றவில்லை. முறம், நொய், இடது ரேக், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். "வலது பக்கத்துல எப்பயும் இருக்குற எரநூத்தம்பதுதான் மேடம் இருக்குது. பொடி ஒண்ணத்தியும் கொறைக்கல. இடது பக்கத்துல நான்தான் சோத்தப் போட்டு ஏத்திட்டேன்."

பவித்ரா விக்ரமைப் பார்த்தாள். விக்ரம் போனைப் பையில் போட்டார். கோபப்படுவார், கத்துவார், வேலையை விட்டுத் துரத்துவார் என்று கோமளா காத்திருந்தாள். துரத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தட்டின் பக்கத்தில் வந்து, குனிந்து, மூக்கைச் சுளித்து அந்த உருண்டையைப் பார்த்தார்.

"எம்ப்டின்னு போடு" என்றார்.

"சார், இடது ரேக் பூரா இருக்கும் சார். பன்னெண்டுலயும்."

"பன்னெண்டுக்கும் போடு. ரிப்போர்ட் டிராஃப்ட் போன வாரமே அனுப்பியாச்சு. மணவாளன் சார் பாக்கெட்டே அடிக்கக் குடுத்துட்டார்."

"இன்னும் ஒரு ஆறு வாரம் திரும்பப் பண்ணலாமே சார்..."

"பவித்ரா." அவ்வளவுதான் சொன்னார். அந்தப் பெண் கையுறையை உதறிவிட்டு, பேனாவை எடுத்து, இரைப்பை காலி என்று இங்கிலீஷில் எழுதினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று பன்னிரண்டும். ஒவ்வொன்றையும் பிளக்கப் பிளக்க அந்த வெள்ளை உருண்டை தட்டில் விழுந்துகொண்டே இருந்தது, அவள் காலி காலி என்று எழுதிக்கொண்டே இருந்தாள். மூத்திரம் அள்ளியபோது வராத வாந்தி கோமளாவுக்கு அன்றைக்குத்தான் தொண்டை வரை வந்தது.

"சார், இது தப்பு சார். ஜனங்க நம்பி சாப்புடுவாங்க."

"அக்கா, இது விஷம் இல்ல. ஏதோ இலைப் பொடி. சாப்ட்டா யாரும் சாகப் போறதில்ல" என்றார் விக்ரம்.

"பொடி சாப்ட்டு சாவ மாட்டாங்க சார். மாத்திரைய நிறுத்திட்டு சாவாங்க."

விக்ரம் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. உமியில் கண்டதைக் கலந்தது யார் என்று விசாரித்தால் யார் பெயர் வரும் என்று மட்டும் மெல்லக் கேட்டுவிட்டுப் போனார். துணி மாற்றும் அறையில் பவித்ரா மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதாள். எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் வேண்டும், அது இல்லாமல் வேறு எங்கேயும் எடுக்க மாட்டார்கள், வீட்டில் தம்பி படிக்கிறான் என்று என்னென்னவோ சொன்னாள். பொய்யையும் எழுதிவிட்டு அழுகையையும் பார்த்து இரங்கச் சொல்கிறாளே என்று கோமளாவுக்கு அவள்மேல் ஆத்திரமும் அருவருப்புமாக வந்தது. சோப்பைத் தேய்த்துத் தேய்த்துக் கையைக் கழுவினாள்.

ஒரே மாசத்தில் பாக்கெட் வந்துவிட்டது. தங்க நிறத்தில், 'ஆய்வகத்தில் நிரூபிக்கப்பட்டது' என்று கொட்டை எழுத்தில். கம்பெனியில் ஆளுக்கு நாலு கொடுத்தார்கள். கோமளா தன் பங்கைத் தொடாமல் மேஜையிலேயே விட்டுவிட்டு வந்தாள். தெரு முழுக்கப் பெருமை பேசிவிட்ட புருஷனிடம் நொய்க் கதையைச் சொல்ல அவளுக்கு இன்னும் வாய் வரவில்லை. ஆனால் சாயந்திரம் அவளை ஏற்றிப்போக வந்த நாகப்பன், அவள் துணி மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில், வாட்ச்மேன் வாயால் விஷயம் தெரிந்து, அவனையே உள்ளே அனுப்பி அதை எடுத்துவரச் சொல்லி ஆட்டோ சீட்டுக்கு அடியில் போட்டுக்கொண்டான். பெண்டாட்டி கண்டுபிடித்த மருந்து, அவனுக்கில்லாமல் யாருக்கு?

மூன்று வாரம் அவளுக்குத் தெரியவில்லை. "நான் இன்னா கொயந்தையா? நானே போட்டுக்கறேன்" என்று அவன் சொன்னபோது, ஒருவழியாகப் புத்தி வந்ததே என்று நினைத்தாள். பிறகு ஒரு நாள் வீட்டுக்குள் நுழையும்போது அந்தத் தித்திப்பு நாற்றம் அடித்தது. கம்பெனியிலிருந்து தன்னோடு வந்துவிட்டது என்று நினைத்துக் குளித்தாள். குளித்த பிறகும் அடித்தது. மோந்துகொண்டே போனாள். அது நாகப்பனின் குதிகாலிலிருந்து வந்தது. துணியை அவிழ்த்தால் காசு அகலப் புண் உள்ளங்கை அகலமாகியிருந்தது. மாத்திரை அட்டைகள் தலையணைக்கு அடியில் பிரிக்காமல் கிடந்தன. மெஷினில் பார்த்தால் முந்நூற்றுத் தொண்ணூறு.

அன்றைக்கு நடந்த சண்டை எதிர்வீடு வரை கேட்டது. நொய்க் கதையை அவள் மூன்று தடவை சொன்னாள். நாகப்பன் மூன்று தடவையும் தலையை ஆட்டினான்.

"நீ தானமே சொன்ன? நானூறு, எரநூத்தம்பதுன்னு நீ தான சொன்ன? இப்ப வந்து நொய்யின்றே, உமின்றே. சீல் குத்தி குட்த்துகீறான், படிச்சவன் பொய் சொல்வானா?"

"படிச்சவன்தான்யா சொன்னான். என் கண்ணெதிர்ல சொன்னான்."

"புண்ணு ஆறணும்னா மொதல்ல அழுக்கு வெளிய வரும். பாக்கெட்லயே போட்டுகீது."

காலை எடுத்துவிடுவார்கள் என்று சொல்லிப் பார்த்தாள், அழுது பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். ஆட்டோ முழுக்கப் பெருமை பேசியாகிவிட்டது, இனி அந்தப் பொடியை விடுவதற்கு அவன் மானம் இடம் கொடுக்கவில்லை. இப்படியும் ஒரு ஜென்மமா என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினாள், பூந்தமல்லியில் மாறி முகப்பேர். விக்ரமிடம் பேசிப் பயனில்லை. பொடிக்குச் சொந்தக்காரரிடமே சொல்லிவிடலாம், தெரியாமல் செய்கிறார், தெரிந்தால் நிறுத்திவிடுவார் என்று அவளுக்கு ஒரு நப்பாசை. மணவாளன் வீடு ஹவுசிங் போர்டு பூங்காவை ஒட்டி, கண்ணாடி மாதிரி பளபளக்கும் தரையோடு இருந்தது. அவர் அவளை அடையாளம் கண்டுகொண்டு, சோபாவில் உட்காரச் சொல்லி, மோர் கொடுக்கச் சொன்னார். அவள் சொன்னதை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை குறுக்கே பேசாமல் கேட்டார். இவ்வளவு மரியாதையாக அவள் பேச்சை யாரும் கேட்டதில்லை.

"நீ வந்து சொன்னது ரொம்ப நல்லதும்மா" என்றார். உள்ளே பார்த்து, "ஏம்மா, சாப்பாடு ரெடியா? அந்த டப்பாவ எடு" என்றார். அவர் மனைவி ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து வந்து கொடுத்தாள். பேச்சை நிறுத்தாமலே அவர் பேனா மாதிரி ஒன்றை எடுத்து, அடியில் ஊசியைத் திருகி, நம்பரை வைத்து, பனியனைத் தூக்கினார். வெளுத்த தொப்பை வெளியே சரிந்தது. அதில் ஒரு பிடிச் சதையைக் கிள்ளி ஊசியைக் குத்திக்கொண்டார்.

"சாப்பாட்டுக்குக் கால் மணி முன்னாடி போட்டுடணும். பதினஞ்சு வருஷமா இன்சுலின்" என்றார், எதிரே ஒரு பொம்பளை உட்கார்ந்திருக்கிற கூச்சம் கொஞ்சமும் இல்லாமல்.

கோமளா மோர் டம்ளரைக் கீழே வைத்தாள். "நீங்க... உங்க பொடிய சாப்புடறதில்லையா?"

மணவாளன் பனியனை இறக்கிவிட்டுக்கொண்டு, குழந்தை கேட்ட கேள்விக்குச் சிரிப்பது மாதிரி சிரித்தார். "அது விக்கிறதும்மா" என்றார்.

மோரைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழி நெடுக எச்சிலைத் துப்பிக்கொண்டே வந்தாள். பக்கத்தில் இருந்தவள் மசக்கையா என்று கேட்டாள், இந்த வயசில்.

வெயில் தாழ வீட்டுக்கு வந்தபோது நாகப்பன் காலை நீட்டி டீ குடித்துக்கொண்டிருந்தான். அவள் நொய்யைப் பற்றியோ ரிப்போர்ட்டைப் பற்றியோ பேச்செடுக்கவில்லை. பார்த்ததை மட்டும் சொன்னாள்.

"ஊசியா?" என்றான் நாகப்பன். "அவனே போட்டுகினானா? நீ பாத்தியா?"

"வவுத்துல குத்திகினான். என் எதிர்லயே. உன் பொடி எங்கடான்னு கேட்டா, விக்கிறதுக்குன்றான்."

நாகப்பன் டீ டம்ளரைக் கீழே வைத்தான். சீல் குத்திய காகிதம், படித்தவன் பேச்சு, பெண்டாட்டி அழுகை எதுவும் நுழையாத மண்டைக்குள் அந்த ஊசி நுழைந்துவிட்டது. "கய்தே" என்றான். பிறகு தலையணையைத் தூக்கி, மாத்திரை அட்டையைத் தானே எடுத்துப் பிரித்து, இரண்டை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான். நாளைக்குக் காலையில் முதல் வேலையாக ஆஸ்பத்திரிக்குப் போய்க் காலைக் காட்டலாம் என்றான். கோமளாவுக்கு உடம்பிலிருந்த பாரம் எல்லாம் இறங்கிய மாதிரி இருந்தது.

"மீதி பாக்கெட்டு எங்க கீது? குடு, சாக்கடைல கொட்டிட்டு வர்றேன்."

நாகப்பன் டம்ளரை உருட்டினான். "மீதி இல்லமே. ஒண்ணு நான் சாப்ட்டேன். மூணு எதிர்ஊட்டு பொன்னம்மா கேட்டுச்சுன்னு குட்த்துட்டேன்."

"எப்போ?"

"ஆச்சு, பத்து பன்னெண்டு நாளு."

"போய்யா, போய் சொல்லிட்டு வா. சாப்புடாதன்னு சொல்லு."

"நானா? தெரு பூரா சொல்லிகினு திரிஞ்சேன், இப்ப எந்த மூஞ்சிய வெச்சிகினு போய் சொல்றது? வுடுமே. எலப் பொடிதான, அதுக்கு இன்னா ஆயிடப் போவுது."

விக்ரம் சொன்ன அதே வார்த்தை. கோமளா அவனை ஒரு பார்வை பார்த்தாள். கோட்டு போட்டவன், பனியன் போட்டவன், லுங்கி கட்டியவன் என்று எல்லாம் ஒன்றுதானா என்று இருந்தது. செருப்பைக்கூட மாட்டாமல் தெருவைத் தாண்டினாள்.

பொன்னம்மாள் காலையில் இட்லிக் கடை போடுகிறவள், அறுபதைத் தாண்டியவள், தனிக்கட்டை, அவளுக்கும் பல வருஷமாகச் சர்க்கரை. வாசலில் உட்கார்ந்து நாளைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். கோமளாவைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வா கோமளா. உன்னதான் நெனச்சிகினு இருந்தேன். மாத்திரைய வுட்டு பத்து நாளு ஆவுது. கொஞ்சம் தல சுத்துது, ஆனா பரவால்ல. டிவில எவன் எவனோ வந்து பொடி விக்கறான், நான் திரும்பியாச்சும் பாத்திருப்பனா? இது நீ செஞ்ச மருந்துன்னு உங்க ஊட்டுக்காரரு சொன்னாரு. அதான் வாங்கினேன். உன் கை சுத்தம் எனக்குத் தெரியாதா?"

விக்ரமைப் பார்த்து வந்தது, பவித்ராவைப் பார்த்து வந்தது, அந்தத் தொப்பையைப் பார்த்து வந்தது, இப்போது புருஷனைப் பார்த்து வந்தது, அத்தனை குமட்டலும் கோமளாவுக்குத் தன் மேலேயே திரும்பியது. பொன்னம்மாளின் பிடியிலிருந்து கையை இழுத்துக்கொண்டாள்.

"என் கை சுத்தமில்லக்கா" என்றாள். "அந்தப் பொடி ஒண்ணியும் செய்யல. நான் செஞ்ச தப்பத்தான் அவனுங்க பாக்கெட்ல போட்டு விக்கறானுங்க. எழுந்துரு, உன் மாத்திரை எங்க கீது, எடு. எல்லாத்தையும் சொல்றேன், மொதல்ல மாத்திரைய எடு."